இணையத்தில் குறைந்த வாடகை வீட்டு விளம்பரத்தைப் பார்த்துப் போன் செய்தாலே ‘இப்பதான் போச்சு’ என்கிறார்களா?

அந்த விளம்பரங்களை விட்டுவிட்டு, வேண்டிய ஏரியாவில் தெருத்தெருவாக நடந்து விசாரியுங்கள். வாடகை குறைவான வீடுகள் பல இணையத்துக்கு வருவதே இல்லை. காலி செய்கிறவர், வாட்ச்மேன், முனைக் கடைக்காரர் என்று வாய்வழியாகவே கைமாறிவிடும். மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே போங்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மேல்மாடியையும் ஒதுக்காதீர்கள், மூட்டு ஒத்துழைத்தால்!

நீங்கள் அழைத்ததெல்லாம் தூண்டில் விளம்பரமாக இருக்கலாம். இல்லாத வீட்டைக் குறைந்த வாடகைக்குப் போட்டு, கேட்டு வருபவரிடம் ‘இன்னொண்ணு இருக்கு, வாடகை கொஞ்சம் கூட’ என்று இழுப்பது சில புரோக்கர்களின் வழக்கம்.

சந்தேகமிருந்தால் விளம்பரத்தில் உள்ள படத்தை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே சமையலறை மேடை, அதே ஜன்னல் வேறு ஊர் விளம்பரத்திலும் வந்தால் கதை முடிந்தது. ‘போச்சு’ என்ற வீடு அடுத்த வாரமும் புதுத் தேதியோடு நின்றாலும் அப்படித்தான்.

ஒன்று மட்டும் கவனம். வாடகைத் தொகையை மட்டும் கேட்டுத் தலையாட்டாதீர்கள். பராமரிப்பு, தண்ணீர், மின்சாரம், பார்க்கிங் எது தனி என்று கேட்டு, எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். வீட்டை நேரில் பார்த்து, உரிமையாளர் யாரென்று உறுதியாகும்வரை ‘டோக்கன் அட்வான்ஸ்’ என்ற பெயரில் பணம் எதையும் அனுப்பவே வேண்டாம்.