இன்வெஸ்டர் என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?

வீடு, மனை, பத்திரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், கொடுங்கையூர். ஆளுக்கு ஒன்றரை லட்சம் போட்டு, செங்குன்றம் தாண்டி ஒரு லே-அவுட்டில் 14 மனைகளுக்கு மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்தோம். புரமோட்டர் (லே-அவுட் போட்டு விற்பவர்) சதுர அடிக்கு ஒரு விலை சொன்னார். அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் எங்களுக்கு என்று பேச்சு. வாட்ஸ்அப்பில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் வைத்து ஆட்களைக் கூட்டிப்போய் 9 மனைகளை விற்றோம். கிரயத்தைப் புரமோட்டரே வாங்கியவர்கள் பெயருக்கு நேரடியாகச் செய்துகொடுத்தார். ஒருவருக்கு மட்டும் பதிவு தள்ளிக்கொண்டே போக, அவர் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் கொடுத்துவிட்டார். இப்போது பதிவு இல்லாமல் ஏஜென்ட் வேலை பார்த்ததாக எங்களில் மூன்று பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்கள் முதலீடு செய்தவர்கள், புரோக்கர்கள் இல்லை. இதை எப்படிப் பதிலாக எழுதுவது?
பெயர் வேண்டாம், கொடுங்கையூர்

பதில்: நீங்கள் அனுப்பியது நான்கு பக்கக் கடிதம், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறோம். அதில் 'முதலீடு' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆனால் அந்த 9 கிரயப் பத்திரங்களில் உங்கள் ஆறு பேரில் ஒருவர் பெயராவது எங்காவது இருக்கிறதா? சாட்சிக் கையெழுத்தைத் தவிர?

சிக்கலே அங்கேதான். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, ஏஜென்ட் யார் என்று சொல்லும் இடத்தில் வலையை ரொம்பப் பெரிதாக விரித்திருக்கிறது. ஒரு திட்டத்தில் உள்ள மனையையோ வீட்டையோ விற்பதற்கு இன்னொருவர் சார்பில் பேசி, கமிஷன் என்றோ வேறு பெயரிலோ பணம் வாங்குபவர் ஏஜென்ட். வாங்குபவரையும் விற்பவரையும் எந்த ஊடகம் வழியாக அறிமுகப்படுத்தினாலும் அவரும் இதில் சேர்த்தி. தரகர், இடைத்தரகர், டீலர், எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே விசிட்டிங் கார்டில் 'இன்வெஸ்டர்' என்று போட்டிருப்பதால் மட்டும் ஒன்றும் மாறாது. வேன் வைத்தது யார், விலை பேசியது யார், புரமோட்டர் விலைக்கு மேல் கிடைத்த பணம் யார் கைக்குப் போனது என்றுதான் பார்ப்பார்கள்.

நிஜமாகவே முதலீடு என்றால் என்ன செய்திருப்பீர்கள்? மனையை உங்கள் பெயருக்குக் கிரயம் வாங்கி, அப்புறம் விற்றிருப்பீர்கள். அதற்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 18 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 1,62,000 ரூபாய், அதுவும் ஒரு மனைக்கு. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஊரில் எல்லோரும் அக்ரிமென்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மனையைக் கைமாற்றுகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை, அது மிச்சமாகிற அதே நேரத்தில் உங்கள் பெயரும் பத்திரத்திலிருந்து காணாமல் போகிறது என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அட்வான்ஸ் கொடுத்தபோது எழுதிய அக்ரிமென்ட்டை எடுத்துப் பாருங்கள். 'தங்களுக்கோ அல்லது தாங்கள் கோரும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கக் கடமைப்பட்டுள்ளேன்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா? அடுத்தது இன்னும் முக்கியம்: கெடு தாண்டினால் அந்த 9 லட்சம் யாருக்கு? உங்களுக்கு நஷ்டம் என்றால், நீங்கள் சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள் என்று வாதாட இடம் உண்டு. விற்காத மனைக்குப் பணம் திரும்பி வந்துவிடும் என்று இருந்தால், அது விற்பனைப் பொறுப்பு எடுப்பதற்காகப் புரமோட்டரிடம் கட்டிய டெபாசிட் மாதிரிதான் தெரியும்.

அப்புறம், வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ்-ஐ, அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவத்தை, இறக்கிப் பாருங்கள். புரமோட்டர் கொடுத்த அந்தக் கூடுதல் தொகைக்குக் கமிஷன் என்ற தலைப்பில் டிடிஎஸ் பிடித்துக் கட்டியிருந்தால், நீங்கள் பத்துப் பக்கம் பதில் எழுதினாலும் அந்த ஒரு வரி அதைச் சாப்பிட்டுவிடும். அவர் தன் கணக்கில் உங்களை என்னவென்று எழுதியிருக்கிறார் என்பதை, அவர் தரப்பு ஆணையத்தில் சொல்வதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அபராதம் எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தீர்கள். ஏஜென்ட்டாகப் பதிவு செய்யாமல் வேலை பார்த்தால் 62-ஆவது பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஆனால் சம்பந்தப்பட்ட மனையின் விலையில் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. 18 லட்ச ரூபாய் மனைக்கு 90,000. ஒன்பதே நாளில் அந்த வரம்பைத் தொட்டுவிடும். புகார் வந்திருப்பது ஒரு மனைக்குத்தான், பதிலில் மற்ற எட்டு மனைகளின் கதையை நீங்களாக விரித்து வைக்க வேண்டாம். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். விசாரணையில் ஆவணங்களைக் கேட்கவும் ஆட்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் ஆணையத்துக்கும் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது. புகார் கொடுத்தவருக்கு முதலில் பதிவை முடித்துக்கொடுக்கப் புரமோட்டரை நெருக்குங்கள், அவர் கோபம் தணிந்தாலே பாதிப் பாரம் இறங்கும். மூன்று பேரும் தனித்தனியாக மூன்று கதை எழுதாதீர்கள், ஒரே வழக்கறிஞரிடம் போங்கள். கெடு தேதிக்குள் பதில் போக வேண்டும், அவகாசம் தேவை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், வாங்கியவர்கள் போனில் அவை பத்திரமாக இருக்கும். முக்கியமாக, யாராவது 'பழைய தேதியில் ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கலாம்' என்று டீக்கடையில் யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். என் அப்பா பத்திர எழுத்தர், அவர் மேசைக்குப் பழைய முத்திரைத்தாள் தேடி வந்தவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தாளைப் புரட்டி, விற்றவரின் முத்திரையையும் தேதியையும் விரலால் தட்டிக் காட்டுவார். ஒன்றும் பேச மாட்டார், வந்தவர் கிளம்பிவிடுவார்.

மீதி 5 மனைகள் இருக்கின்றனவே, அவற்றைத் தொடாதீர்கள். தொடர்ந்து இந்தத் தொழில்தான் என்றால் ஆணையத்தில் ஏஜென்ட்டாகப் பதிவு செய்துவிடுங்கள், ஐந்து வருடம் செல்லும். முடித்துக்கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஆனால் இன்று பதிவு செய்வது நேற்று விற்றதைக் கழுவாது. இன்னொன்று, வாங்கியவர்களிடம் டோக்கன் என்று ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால் அது வருமான வரித் துறையின் தனித் தலைவலி. அதையும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மீஞ்சூர் அருகே ஒரு பெரியவர் தன் அரை ஏக்கருக்கு எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்கிறார். நான் மனை பிரித்து விற்று, பேசிய தொகையை அவருக்குக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வேன். நான் பவர் ஏஜென்ட்தானே, ஏஜென்ட் பதிவு மட்டும் போதுமா?
தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: பவர் ஏஜென்ட்டில் ஏஜென்ட் என்ற சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. மனை பிரித்து விற்கிற நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் அதிகாரப் பத்திரம் பெற்று இறங்குபவரை ரெரா சட்டம் புரமோட்டர் என்கிறது. அது ஏஜென்ட்டைவிடப் பெரிய பொறுப்பு. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினால் திட்டத்தையே பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது இரண்டேகால் கிரவுண்ட், உங்களுடையது அரை ஏக்கர். பதிவுக்கு முன்னால் விளம்பரம் கூடப் போடக் கூடாது. மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம்.

வாங்க வருபவரிடம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்திருக்க வேண்டும். பவரை வைத்தே கை மாற்றிவிடலாம் என்ற நினைப்பு இருந்தால், பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பவர் பதிவுச் செலவும் முன்போல இல்லை. 2023 ஜூலை முதல் குடும்பத்தைச் சேராதவருக்குப் பவர் கொடுத்தால் சந்தை மதிப்பில் 1 சதவீதம்.

கேள்வி: என் மருமகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறார். பழைய வீட்டுக்காரரிடம் ஒப்பந்தம் போட்டு, அந்த ஒப்பந்தத்தையே வேறொருவருக்கு விற்று லாபம் பார்ப்பதாகவும், அங்கே இது சகஜம் என்றும் சொல்கிறார். இப்போது லைசென்ஸ் இல்லாமல் புரோக்கர் வேலை செய்ததாக விசாரணை என்று மகள் போனில் அழுகிறாள். இதே கதைதானா?
காலடிப்பேட்டை வாசகி

பதில்: அம்மா, கிட்டத்தட்ட அதே கதை, ஆனால் சட்டம் வேறு. அங்கே இதை ஹோல்சேலிங் என்பார்கள். ஒப்பந்தம் போட்டவருக்கு அந்த வீட்டின் மேல் ஒருவகை உரிமை வந்துவிடுகிறது, அதை விற்கலாம் என்பது அங்கத்திய கணக்கு. டெக்சாஸில் 2017-ல் இதற்கென்றே விதி வந்தது. லைசென்ஸ் இல்லாமலும் ஒப்பந்த உரிமையை விற்கலாம், ஆனால் 'நான் விற்பது வீட்டை அல்ல, ஒப்பந்தத்தில் எனக்குள்ள உரிமையை' என்று வாங்குபவரிடம் தெரியப்படுத்த வேண்டும். அதைச் சொல்லாமல் வீட்டையே விற்பது போல விளம்பரம் போட்டால் புரோக்கர் வேலையாகிவிடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. இல்லினாய்ஸில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை இப்படிச் செய்தாலே லைசென்ஸ் கேட்பார்கள்.

மருமகன் போட்ட விளம்பரங்களின் வாசகத்தையும், வாங்கியவர்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், அங்குள்ள வக்கீல் முதலில் கேட்கப்போவது அதைத்தான். இங்கே வந்து அதே தொழிலை ஆரம்பிக்கிறேன் என்றால் மட்டும் தடுத்துவிடுங்கள். நம் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, விற்பனை ஒப்பந்தத்தால் சொத்தின் மேல் எந்த உரிமையும் வராது என்று நேராகவே சொல்கிறது. டெக்சாஸ் வாதம் பொன்னேரியில் எடுபடாது.

கேள்வி: வியாசர்பாடியில் முப்பது வருடமாக வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கிறேன். ஒரு மாத வாடகைதான் கமிஷன். நானும் ரெராவில் பதிய வேண்டுமாமே, பையன் பயமுறுத்துகிறான்.
வியாசர்பாடி வாசகர்

பதில்: வேண்டாம், ஐயா. அந்தச் சட்டம் பேசுவது திட்டங்களில் நடக்கும் விற்பனையைப் பற்றி, வாடகையைப் பற்றி அல்ல. ஆனால் பக்கத்தில் புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடிக்காரர் 'ஆள் அனுப்புங்க, ஃபிளாட்டுக்கு இவ்வளவு தர்றேன்' என்று கூப்பிட்டால், போவதற்கு முன்னால் மேலே உள்ள முதல் பதிலைப் பையனை விட்டு ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.