தோழி விக்கிற வைர மோதிரம், 1,20,000-க்கு வாங்கலாமா?

கேள்வி: கூட வேலை பாக்கிற தோழி அவங்க வைர மோதிரத்தை விக்கிறாங்க. ஒத்தக் கல், 50 சென்ட், 18 கேரட் தங்கம், மொத்தம் 4 கிராம். கடையில 1,80,000-க்கு வாங்கினதாம், எனக்கு 1,20,000-க்கு தர்றேங்கிறாங்க. பில் இருக்கு, சர்டிஃபிகேட் ஜெராக்ஸ்தான் இருக்கு. வாங்கலாமா?

பதில்: முதல்ல அந்த 1,80,000-ஐ மனசுல இருந்து எடுத்துடுங்க, அதுல செய்கூலி, 3% ஜிஎஸ்டி, கடைக்காரர் லாபம் எல்லாம் சேர்ந்திருக்கு, அதெல்லாம் கடையை விட்டு வெளிய வந்ததுமே போன காசு. தங்கத்தோட கணக்கு சுலபம். 50 சென்ட் கல்லோட எடை 0.1 கிராம், அதைக் கழிச்சா 3.9 கிராம், 18 கேரட்ங்கிறதால 75% தான் சுத்தத் தங்கம், அதாவது 2.9 கிராம் சொச்சம். உள்பக்கம் 750 முத்திரை இருக்கானு பாத்துட்டு அன்னிக்கு 24 கேரட் ரேட்டால பெருக்கிக்கோங்க, மீதி கேக்கிற பணம் பூரா அந்தக் கல்லுக்குத்தான்.

கல் விஷயத்துல எனக்கு முதல் கவலை கலரும் இல்ல, கிளாரிட்டியும் (கல்லுல குறை எவ்வளவு கம்மிங்கிறது) இல்ல, அது பூமியில கிடைச்சதா இல்ல லேப்ல வளத்ததாங்கிறதுதான். லேப் வைரமும் நிஜ வைரம்தான், ஆனா கொஞ்ச வருஷமா அதோட விலை பயங்கரமா இறங்கிடுச்சு, திருப்பி விக்கப் போனா வாங்க ஆள் தேடணும். கடையில வச்சு "பீப்" சத்தம் வர வைக்கிற சாதாரண டெஸ்டர், கல் சூட்டைக் கடத்துறதை மட்டும் பாக்கிற கருவி, லேப் வைரத்துக்கும் கத்தும், வைரம் மாதிரியே தெரியுற மாய்சனைட்ங்கிற வேற கல்லுக்கும் கத்தும், அதனால அதை நம்பி ஒரு ரூபா கூட அட்வான்ஸ் குடுக்காதீங்க.

அடுத்து சர்டிஃபிகேட். வைரத்தைச் சோதிச்சு சர்டிஃபிகேட் தர்ற ஜிஐஏவோ ஐஜிஐயோ எதுவா இருந்தாலும் அந்த நம்பரை அவங்க வெப்சைட்டுலயே போட்டுப் பாக்கலாம். ஆனா காகிதம் நிஜமா இருந்து கல் வேறயா இருந்தா? அதுக்குத்தான் கல்லோட குறுக்களவு. வட்டக் கல் 50 சென்ட்னா குறுக்கே சுமாரா 5.1 மில்லிமீட்டர் வரணும். 4.7 தான் வருதுன்னா அது 40 சென்ட் பக்கம். வைரத்துல கேரட்ங்கிறது எடை, 100 சென்ட் ஒரு கேரட்; 50 சென்ட்டைத் தொட்டதும் ஒரு கேரட்டுக்கான விலையே ஒரு படி ஏறும், அதனால 10 சென்ட் குறைஞ்சா விலை அஞ்சுல ஒரு பங்கு மட்டும் இல்ல, அதுக்கும் மேலயே குறையும். பல கல்லுல ஓரத்துல லேசர்ல நம்பர் பொறிச்சிருப்பாங்க, 10 மடங்கு லென்ஸ் வச்சா தெரியும், அது காகிதத்துல இருக்கிற நம்பரோட ஒத்துப்போகுதா பாருங்க.

கண்ணால பாக்கிறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு மெதுவான பிரஷ்ஷால கழுவிடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நல்ல கல்லே மங்கலாத் தெரியும். கடை லைட்டுல எல்லாக் கல்லும் ஜொலிக்கும், ஜன்னல் ஓரமா நிழல்ல வச்சுப் பாருங்க. நடுவுல கருப்பா இருட்டடிச்சாலோ கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிஞ்சாலோ கட்டிங் சரியில்ல, எனக்குக் கிளாரிட்டியை விட இதுதான் முக்கியம். கிளாரிட்டியில விஎஸ், அதுக்கு மேல விவிஎஸ்னு கிரேடு இருக்கு, அந்த ரெண்டுக்கும் வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, அதுக்காக அள்ளிக் குடுக்க வேண்டாம். தங்கக் கம்பி பிடிச்சிருக்கிற ஓரத்தை மட்டும் விடாம பாருங்க, விரிசலும் உடைசலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும். பின்பக்கம் மூடின பழைய டைப் மோதிரம்னா கல்லைக் கழட்டாம எதுவும் சொல்ல முடியாது.

தோழிகிட்ட நேராவே சொல்லுங்க, "வைரம் சோதிக்கிற லேப்ல டெஸ்ட் பண்ணிடலாம், செலவு என்னோடது, இயற்கைக் கல்னு வந்தா பேசுவோம்"னு. நல்ல மனசு இருக்கிறவங்க இதுக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க. ரிப்போர்ட்டு வந்ததும் அதே எடை, கலர், கிளாரிட்டி உள்ள கல்லை பழசா வாங்கிக்க என்ன தருவாங்கனு ரெண்டு மூணு கடையில கேளுங்க, அதோட தங்க மதிப்பைக் கூட்டுங்க, அதுக்கு மேல 10% வரைக்கும் தரலாம். அந்த 10%-ஐயும் சேத்து 1,20,000 வரலைனா அந்த விலைக்கு வாங்காதீங்க. பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க, ஒரிஜினல் பில்லை கையில வாங்கிக்கோங்க, வித்ததா ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிடுங்க, நாளைக்கு நீங்க விக்கப் போனா கடையில முதல்ல கேக்கிறதே இந்தக் காகிதங்களைத்தான்.