கத்தி, குதித்து, அழும் தியான முகாமுக்குப் போகலாமா?

அக்கா இறந்து ஒரு வருடம் ஆகிறது, இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை, நண்பர் மூன்று நாள் குழுத் தியான முகாமுக்குக் கூப்பிடுகிறார், அங்கே பேச்சே கிடையாதாம், கத்துவது, குதிப்பது, வாய்க்கு வந்ததை உளறுவது, அழுவதுதானாம், இதனால் உள்ளே கிடப்பது நிஜமாகவே வெளியே வருமா, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் நடத்துகிறவர் யார் என்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் இரண்டு முகாம்களுக்குப் போயிருக்கிறேன். ஒன்று என்னைத் தூக்கி நிறுத்தியது. இன்னொன்றில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. இரண்டிலும் செய்தது ஒரே பயிற்சி.

அப்பா போனபோது எனக்கு 41 வயது. நுரையீரல் நோய். கடைசி மூன்று வாரம் அவரால் படுக்க முடியாது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே மூச்சு வாங்குவார், நான் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருப்பேன். இறந்த அன்று எனக்கு வேலை சரியாக இருந்தது. ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்வது, பந்தல், நாற்காலி, சொந்தக்காரர்களுக்குப் போன், மேளக்காரர்களுக்கு முன்பணம், வருகிறவர்களுக்கு டீ. உள்ளே அம்மாவும் அத்தைமார்களும் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி அழுதார்கள், ஒருத்தி ராகமாக இழுத்து நிறுத்தினால் அடுத்தவள் எடுத்துக்கொள்வாள். வாசலில் நின்று கேட்டபோது எனக்கும் தொண்டை வரைக்கும் வந்தது. "நீயே இப்படி நின்னா அம்மாவ யாருப்பா பாத்துக்கிறது" என்று மாமா தோளைத் தட்டினார். அவ்வளவுதான், வந்தது உள்ளே போய்விட்டது. கொள்ளி வைத்தபோதும் வரவில்லை, பதினாறாம் நாள் காரியத்திலும் வரவில்லை.

அப்புறம் எட்டு மாதம். வலது தோள் இறுகிக்கொண்டு தூக்க முடியவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஒன்றும் இல்லை. மகள் டம்ளரைத் தட்டிவிட்டாள் என்று நான் கத்திய கத்தலில் அந்தக் குழந்தை இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அந்த வாரம்தான் ஒரு நண்பர் பிடித்து இழுத்துக்கொண்டு போனார், மலையடிவாரத்தில் ஒரு சின்ன இடம், இருபது பேர் இருப்போம்.

அங்கே காலையில் செய்தது டைனமிக் தியானம். ஓஷோ 1970இல் மும்பையில் அறிமுகப்படுத்தியது, உங்கள் நண்பர் சொல்வதும் பெரும்பாலும் இதுவாகவோ இதன் கிளையாகவோதான் இருக்கும். மொத்தம் ஒரு மணி நேரம், கண்ணைக் கட்டிக்கொண்டு, வெறும் வயிற்றில். முதல் 10 நிமிடம் மூக்கால் தாறுமாறாக வேக மூச்சு. அடுத்த 10 நிமிடம் உள்ளே என்ன இருக்கிறதோ அதை வெளியே விடுவது, கத்தலாம், அழலாம், சிரிக்கலாம், தலையணையைக் குத்தலாம். அடுத்த 10 நிமிடம் கையைத் தூக்கிக்கொண்டு "ஹூ ஹூ" என்று குதிப்பது. திடீரென்று "ஸ்டாப்" என்று ஒரு குரல் வரும், எந்த நிலையில் இருக்கிறீர்களோ அப்படியே 15 நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கடைசி 15 நிமிடம் ஆட்டம்.

இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அடக்கிய உணர்ச்சி தசைகளில் இறுக்கமாகப் படிந்துவிடும் என்று பிராய்டின் மாணவர் வில்ஹெல்ம் ரைக் சொன்னார். 1960களில் கலிபோர்னியாவின் எசலென் போன்ற இடங்களில் குழுவாக உட்கார்ந்து ஒளிவுமறைவில்லாமல் உணர்ச்சியைக் காட்டும் பயிற்சிகள் பரவின, அதே காலத்தில் ஆர்தர் ஜானவ் என்ற உளவியலாளர் குழந்தைப் பருவத்து வலியைக் கத்தித் தீர்க்கச் சொன்னார். ஓஷோ அந்தப் பக்கத்தையும் நம் ஊர் மௌனத்தையும் ஒரே மணி நேரத்தில் சேர்த்தார். எனக்கு இதில் பிடித்ததே அந்தச் சேர்ப்புதான், கத்தி முடித்ததும் கால் மணி நேரம் சும்மா நிற்க வைப்பது.

முதல் நாள் நான் நடித்தேன். எல்லோரும் கத்துகிறார்களே என்று நானும் கத்தினேன், தொண்டை புண்ணானதுதான் மிச்சம். உங்களுக்கும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும், அதனால் "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாம் நாள் கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. மூச்சு முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கியது, பக்கத்தில் யாரோ தரையை அறைந்துகொண்டிருக்கிறார்கள், நான் முழங்காலிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் வலது கை காற்றில் மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. நான் செய்யவில்லை, அதுவாகவே போனது. தேய்க்கிற கை அது. அப்பாவின் முதுகு உயரத்தில், அதே வேகத்தில், மேலே போகும்போது மெதுவாக, கீழே வரும்போது கொஞ்சம் அழுத்தி. மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாகச் செய்த வேலையைக் கை மறக்கவே இல்லை. அது என்ன என்று புரிந்த நொடியில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, மாடு கத்துவதுபோல.

"ஸ்டாப்" வந்தபோது கை அரைகுறையாக நீட்டியபடி நின்றேன். முழங்கையிலிருந்து வியர்வை சொட்டிக் கீழே ஜமக்காளத்தில் விழுவது கேட்டது, கழுத்தில் ஈ ஊர்ந்தது, தோள் நடுங்கியது. ஆனால் உள்ளே எட்டு மாதத்தில் முதல் தடவையாக எதுவும் ஓடவில்லை.

முடிந்ததும் நடத்தியவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், அறுபது வயதுக்கு மேலான ஓர் அம்மா. "என்ன ஆச்சு" என்று கேட்கவில்லை, முதுகில் தட்டவில்லை, விளக்கம் சொல்லவில்லை. ஒரு டம்ளர் சுக்கு காபியைக் கையில் கொடுத்து, "குடிச்சுட்டு, பேச்சு எதுவும் வேணாம், தோணுறத நோட்டுல எழுதுப்பா" என்றார். எழுதினேன். துக்கம்தான் வரும் என்று நினைத்து எழுத ஆரம்பித்தால் நான்காவது வரியில் வேறு ஒன்று வந்தது. கடைசி ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கை வலி தாங்காமல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன், விடியற்காலை அப்பா போய்விட்டார். அதை அதுவரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தது, முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தானடா உன்னப் போய்ப் படுன்னு சொன்னேன். அப்புறம் நான் தேச்சிட்டிருந்தேன்" என்றது. எனக்கு அது நினைவிலேயே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், முகாமில் அழுதது மட்டும்தான் நடந்திருந்தால் இன்னொரு எட்டு மாதத்தில் மறுபடி தோள் இறுகியிருக்கும் என்று நம்புகிறேன். உடம்பு கதவைத் திறந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. என் கதையை மட்டும் நம்ப வேண்டாம். ஆன் கிரான்ட்ஸ், ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு குழு மனதை அழுத்திய அனுபவத்தை உடல் அசைவால் மட்டும் வெளிப்படுத்தியது, இன்னொரு குழு அசைவோடு அதை எழுதவும் செய்தது, மூன்றாவது குழு வெறும் உடற்பயிற்சி செய்தது. மனசு லேசானது என்று முதல் இரண்டு குழுவும் சொன்னது, ஆனால் உடல்நலமும் மதிப்பெண்ணும் நிஜமாக உயர்ந்தது அசைவோடு எழுதியும் வைத்த குழுவுக்குத்தான்.

கோபத்தைப் பொறுத்தவரை இன்னும் கவனம் வேண்டும். "குத்துங்கள், எவன் மேல் கோபமோ அவன் முகத்தை நினைத்துக் குத்துங்கள்" என்று தலையணையைக் கொடுப்பார்கள். பிராட் புஷ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002இல் 600 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடத்தான் செய்தது, சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். அதனால் யாராவது முகத்தை நினைக்கச் சொன்னால் நினைக்காதீர்கள். உடம்பை அது போகிற வழியில் விடுங்கள், போதும்.

இனி இரண்டாவது முகாம். ஒரு வருடம் கழித்து, வேறு ஊர், வேறு ஆட்கள், எண்பது பேர், பெரிய மண்டபம், ஸ்பீக்கர், மேடையில் மைக்கோடு ஒருவர். மூச்சுக் கட்டத்தை 10 நிமிடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், கை விரல்கள் உள்பக்கமாக மடங்கி இறுகிக்கொண்டன, "கை வரல, கை வரல" என்று பயந்து அழுதது. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "அதுதான் எனர்ஜி, அடைப்பு உடையுது, நிறுத்தாத, இன்னும் அழு" என்று காதோரம் கத்தினார். அந்தப் பெண்ணுக்கு அழுகை போய் உடம்பு விறைத்து, கண் ஓர் இடத்தில் நிலைத்துவிட்டது. மாலையில் அவள் அண்ணன் வந்து அழைத்துப்போனார். எனக்கு அன்று எழுந்து நிறுத்தத் தைரியம் வரவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

அது எனர்ஜியும் இல்லை, அடைப்பும் இல்லை. வேக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் ரத்தத்தில் உள்ள கால்சியம் வேலை செய்கிற அளவும் குறைந்து, உதடு மரத்து, விரல்கள் மடங்கி இறுகும், தலை சுற்றும். மூச்சை மெதுவாக்கினால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது "மெதுவா மூச்சு விடும்மா, நான் இருக்கேன்" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

நடத்துகிறவரைப் பொறுத்துத்தான் எல்லாம் என்பது பழைய ஆய்விலேயே இருக்கிறது. லீபர்மன், யாலம், மைல்ஸ் என்ற மூவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட குழுக்களில் சேர்ந்த சுமார் 200 மாணவர்களைப் பின்தொடர்ந்து 1973இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 16 பேருக்கு மனநிலை மோசமாகி, அது மாதக்கணக்கில் நீடித்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் அதிகமாக இருந்தது, ஆவேசமாக, வசீகரமாக, ஆளை உள்ளே நுழைந்து உடைக்கும் தலைவர்களின் குழுக்களில். ஓஷோவின் புனே ஆசிரமத்திலேயே 1970களில் சில குழுக்களில் எலும்பு முறியும் அளவுக்கு அடிதடி நடந்து, பிறகு அதை நிறுத்த வேண்டி வந்தது.

நம் வீட்டு ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். அழ விடுவார்கள், மாரடித்துக்கொள்ளக்கூட விடுவார்கள், ஆனால் வட்டத்தில் வயதான ஒரு கிழவி எப்போதும் ஒரு கண் வைத்திருப்பாள். யாராவது மயங்குகிற மாதிரி தெரிந்தால் எழுந்து வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்து, "போதும்மா, எந்திரி, ரெண்டு வாய் தண்ணி குடி" என்பாள். எனக்குச் சுக்கு காபி கொடுத்த அம்மாவும் அந்தக் கிழவிதான். நீங்கள் தேட வேண்டியது அப்படி ஒருவரை.

அதனால் பணம் கட்டும் முன் போன் செய்து பேசுங்கள். எத்தனை பேர், எத்தனை உதவியாளர்கள் என்று கேளுங்கள், இருபது பேருக்கு இரண்டு மூன்று பேராவது வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டு ஓரமாக உட்காரலாமா என்று கேளுங்கள், "நிறுத்தினா பலன் போயிடும்" என்று பதில் வந்தால் போகாதீர்கள். உங்கள் உடல்நிலை பற்றி அவர்களாகவே கேட்கிறார்களா என்று கவனியுங்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கண் அழுத்த நோய், கர்ப்பம், பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) அல்லது மனச்சிதைவு இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கடும் மூச்சுப் பயிற்சிகள் வேண்டவே வேண்டாம், கேட்காமல் சேர்த்துக்கொள்கிறவரிடமும் வேண்டாம். வீடியோ எடுப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள், நீங்கள் அழுவது யாருடைய விளம்பரத்திலும் வரக்கூடாது.

இன்னொன்று, தயங்காமல் சொல்லிவிடுகிறேன். அழுகை வராததோடு சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டிருந்தாலோ, அக்கா போன இடத்துக்கே போய்விடலாம் என்று எப்போதாவது தோன்றியிருந்தாலோ முகாம் இரண்டாம் பட்சம். முதலில் 14416க்கு அழையுங்கள், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு மனநல மருத்துவரைப் பார்த்த பிறகு முகாம் பற்றி யோசிக்கலாம்.

அதெல்லாம் இல்லை, மனசு மரத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான் என்றால் தைரியமாகப் போங்கள். அங்கே போய் அக்காவை நினைத்து அழ வேண்டும் என்று முயற்சி செய்யாதீர்கள். கை, கால், தோள் எது அசைய வருகிறதோ அதை விடுங்கள், அக்காவுக்குத் தலை பின்னிவிட்ட விரல் இருக்கும், வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்த கை இருக்கும், எது வரும் என்று உங்களுக்கே தெரியாது. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், எழுதியதைக் குழுவில் படிக்கச் சொன்னால் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முகாம் ஞாயிறு முடிகிறது என்றால் திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு சொல்லிவிடுங்கள், எனக்குப் பாதி அழுகை திரும்பி வரும் பஸ்ஸில்தான் வந்தது.