சலவைக்கல்லில் ஒரு கட்டில்

அன்புள்ள ஐயா,

போன மாதம் மகனோடு தஞ்சாவூர் போயிருந்தேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு சிவகங்கைப் பூங்கா பக்கம் வந்தால் அங்கே சுவார்ட்ஸ் சர்ச் என்று ஒரு பழைய தேவாலயம். உள்ளே வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு புடைப்புச் சிற்பம்: கட்டிலில் படுத்திருக்கும் ஒரு கிழவர், அவர் கையைப் பிடித்தபடி நிற்கும் ராஜா. அது சரபோஜி மன்னர், படுத்திருப்பவர் ஒரு பாதிரியார் என்று அங்கிருந்தவர் சொன்னார். "ராஜா ஏன் பாதிரியார் வீட்டுக்குப் போய் நிற்கிறார்?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மைத்துனரிடம் கேட்டால், "அவர் கும்பினி ஆள், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேலை பார்த்தவர், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். நிஜமாகவே அவ்வளவுதானா?

ம., கும்பகோணம்

அன்புள்ள ம.,

உங்கள் மைத்துனர் சொன்னது பொய் இல்லை, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கட்டிலில் படுத்திருக்கும் அந்தப் பாதிரியார் சுவார்ட்ஸ்தான், திருச்சிக் கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஆராதனை நடத்தி ஆண்டுக்கு 100 பவுன் வாங்கியவர். 1779இல் சென்னை கவர்னருக்காக மைசூரின் ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை தூது போனவர். கும்பினியோடு தொடர்பே இல்லாத துறவி என்று அவரைக் காட்ட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் மறைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஆனால் உங்கள் மகன் கேட்டது வேறு கேள்வி அல்லவா. கும்பினிக்கு எத்தனையோ ஆட்கள் இருந்தார்கள், யாருடைய கட்டிலருகேயும் சரபோஜி அப்படி நின்றதாகத் தெரியவில்லை.

1726இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாய் இறந்துபோனாள், பிள்ளையைக் கடவுள் ஊழியத்துக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். ஹாலே நகரில் படிக்கும்போது, சென்னையிலிருந்து திரும்பியிருந்த சூல்ட்ஸே ஐயர் தமிழ் வேதாகமத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அந்த வேலைக்காகத் தமிழ் படிக்கத் தொடங்கியவர்தான் இவர். 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை, 47 ஆண்டுகளுக்கு மேல், ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் இல்லை.

திருச்சியில் அவர் இருந்த இடத்தை நேரில் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தில் ஓர் அறை, கட்டிலும் அவரும் மட்டும் கொள்ளும் அளவுக்கு, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சோறும் நம் ஊர்ப் பக்குவத்தில் வேகவைத்த காய்கறியும்தான் சாப்பாடு. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணிதான் அங்கி. அப்போது மாதம் 10 வராகன் சம்பளம். சொன்னேனே, அந்த 100 பவுன், அது பின்னால் வந்தது, அதிலும் பாதி சபைக்கே போய்விடும். காலையில் உபதேசியார்களோடு ஜெபம் செய்து ஆளுக்கு ஒரு திசையாக அனுப்புவார், சாயங்காலம் அவர்கள் திரும்பி வந்ததும் யாரோடு என்ன பேசினார்கள் என்று உட்கார்ந்து கேட்பார். ஆற்காட்டு நவாபின் ஆட்களோடு பேசப் பாரசீகம், தஞ்சை அரண்மனைக்கு மராட்டி என்று மொழிகள் கூடிக்கொண்டே போயின.

அவரே எழுதி வைத்த ஒரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழியில் ஒரு நட்டுவனாரையும் அவருடைய மாணவியையும் சந்திக்கிறார். வழக்கம்போலப் பேச்சுக் கொடுத்து, பாவத்தில் நடப்பவர்கள் யாரும் மோட்சத்துக்குள் போக முடியாது என்கிறார். அந்தப் பெண் உடனே, "ஐயோ, அப்படியானால் ஐரோப்பியர்களில் அநேகமாக யாருமே போகமாட்டார்களே" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்விட்டாள். தன் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்த பதிலை மறைக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறாரே, அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

இனி உங்கள் மகனின் கேள்வி. அந்தக் காலத் தஞ்சாவூரில் ராஜாவின் சொல்லுக்கும் மதிப்பில்லை, கும்பினியின் சொல்லுக்கும் மதிப்பில்லை. சுவார்ட்ஸின் சொல் மட்டும் செல்லுபடியானது. செல்லுபடி என்பதை நாணயம் செல்லுவது மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதர் அலி படையெடுத்து வந்த 1780களின் தொடக்கத்தில் சீமையெங்கும் பஞ்சம், தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே ஊர்களில் நெல் இருந்தது, அதை இழுத்துவர மாடுதான் இல்லை. முன்பு கொண்டுவந்தவர்களுக்கு ஒழுங்காகக் காசு கொடுக்காததால் ஒருவரும் மாடு தரத் தயாராக இல்லை, ராஜா ஆணையிட்டும் பலனில்லை. கடைசியில் சுவார்ட்ஸிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இந்த வேலையில் சாகும் ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையாலேயே பணம் தருவேன் என்று நாலாபக்கமும் கடிதம் எழுதினார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. உபதேசியார் ஒருவரும் சபை ஆட்கள் சிலரும் உயிரைப் பணயம் வைத்துப் போய் 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அத்தனை பேருக்கும் கணக்குத் தீர்த்தார். கையில் இருந்தது போதாமல், மற்றவர்கள் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்தேன் என்று அவரே எழுதுகிறார்! அது சரியா தவறா என்று இன்றைக்கு ஒரு ஆடிட்டர் கேட்பார், நியாயம்தான்.

இன்னொரு சமயம் வரிக்கொடுமை தாங்காமல் குடியானவர்கள் நிலத்தைப் போட்டுவிட்டு ஊரையே விட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வாருங்கள் என்று ராஜா வாக்குக் கொடுத்தார், யாரும் நம்பவில்லை. சுவார்ட்ஸ் பிணை நின்றார். முதலில் கள்ளர் சாதியினர் வந்தார்கள், அப்புறம் மற்றவர்கள், ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள் என்கிறது கணக்கு.

ஹைதரும் இதைத்தான் கண்டிருக்கிறார். கும்பினி அனுப்பும் மற்றவர்களை நம்ப முடியாது, அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று அவர் சொன்னதாகப் பதிவு. முதலில் சொன்ன 1779 தூது இதுதான், இவர் போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். ஹைதரின் எச்சரிக்கையையும் கேட்காமல் பிரெஞ்சுக்காரர்களின் மாஹே துறைமுகத்தை ஏற்கெனவே பிடித்திருந்த கும்பினி தன் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை, மறு வருஷமே சண்டை வந்தது. நல்ல மனிதரின் பெயரைக் கும்பினி காசாக்கப் பார்த்தது என்று எனக்குக் கசப்பாகவே இருக்கிறது, அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக் கொண்டுபோய் கவர்னர் அரசாங்கத்திடமே ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் திருப்பித் தந்ததும் அதைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஒதுக்கினார். சண்டை நடக்கும்போதும் பாதிரியாரை வழிமறிக்காதீர்கள் என்று ஹைதர் தன் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தாராம்.

குறையே இல்லாதவரா என்றால், இல்லை. அவருடைய சபைகளில் வெள்ளாளர் ஒரு பக்கமும் பறையர் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள், அதை அவர் உடைக்கவில்லை. மெதுவாக மாறும் என்று நினைத்தார், மாறவில்லை. அதன் பலனை 1830களில் தஞ்சை சபை அனுபவித்தது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

சரபோஜி விஷயத்திலும் ஒரு பிசகு. 1787இல் தஞ்சை மன்னர் துளஜா ராஜா சாகக் கிடந்தபோது, தான் தத்தெடுத்த பத்து வயதுப் பையன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் காட்டி, இவன் என் பிள்ளை இல்லை, உங்கள் பிள்ளை என்றார். சுவார்ட்ஸ் பொறுப்பேற்கத் தயங்கி, தம்பி அமர்சிங் பார்த்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கும்பினி அமர்சிங்கையே ராஜாவாக்கியது, பையனோ படிப்புகூட இல்லாமல் அடைபட்டுக் கிடந்தான். பண்டிதர்கள் கைநீட்டிக் காசு வாங்கியிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அறுபது வயது தாண்டிய அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. பையனைக் காப்பாற்றச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார், தானே பாடம் சொல்லிக்கொடுத்தார், 1793இல் சென்னைக்கு அனுப்பி வைக்கும்வரை ஓயவில்லை. அவனைக் கிறிஸ்தவனாக்க வேண்டும் என்ற ஆசை அவருக்குக் கட்டாயம் இருந்திருக்கும், அதற்காகத்தானே கப்பல் ஏறி வந்தார். சரபோஜி கடைசிவரை மதம் மாறவில்லை, இவர் பாசமும் குறையவில்லை.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்தார், 71 வயது. சரபோஜி அரியணை ஏறியது அதே வருஷம் ஜூன் 29. அதைக் கிழவர் பார்க்கவில்லை.

அந்தச் சிற்பத்தைச் செதுக்கிய ஜான் ஃபிளாக்ஸ்மன் தஞ்சாவூரைக் கண்டதே இல்லை, சரபோஜி பணம் கொடுத்து லண்டனில் செய்யச் சொன்னது அது. அதனால் கட்டில், துணி மடிப்பு எல்லாம் சிற்பியின் கற்பனை. ராஜா வந்தது கற்பனை இல்லை. நோயில் கிடந்தபோதும் வந்து பார்த்தார், அடக்கத்துக்கும் வந்தார். அவர் வந்து முகத்தைப் பார்க்கட்டும் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். வந்தவர் அழுதார், உடலின்மேல் பொன்னாடை போர்த்தினார். உடலை எடுத்துப் போகும்போது பாட ஒரு கீர்த்தனையும் ஏற்பாடாகி இருந்தது. கூடிவிட்ட ஏழை ஜனங்கள் அழுத அழுகையில் அதைப் பாடவே முடியவில்லை.

மகனிடம் சொல்லுங்கள், கல்லறைக் கல்லில் இருக்கும் வரிகளும் சரபோஜியே ஆங்கிலத்தில் எழுதியவைதான். "தந்தையே, நான் உமக்குத் தகுந்தவனாக இருக்க வேண்டும்" என்று முடித்து, கீழே "உம்முடைய சரபோஜி" என்று போட்டிருக்கிறார்.