வடசென்னைல பறை, கூத்து கத்துக்குற பசங்களுக்கு லோக்கல் ஃபண்டிங்னா என்ன?

பறை, கூத்து, டான்ஸ்னு சீரியஸா கத்துக்குற பசங்களோட பயிற்சிச் செலவுக்கு ஏரியா ஆளுங்க, கடைக்காரங்க சேர்ந்து குடுக்குற பணம், அவ்ளோதான். ஏன் தேவைன்னா, மேடை ஏறி நாலு காசு பாக்க வருஷக்கணக்கா ஆகும், அதுக்குள்ள வீட்ல கஷ்டம்னு பையன் டெலிவரி வேலைக்குப் போயிடுவான், பொண்ணுன்னா இன்னும் சீக்கிரமே நிறுத்திடுவாங்க, எனக்கு அதான் ரொம்ப வலிக்குது. காசிமேட்டுல போட் கெளம்புறதுக்கு முன்னாடியே டீசல், ஐஸ் எல்லாம் ஏத்தணும்ல, மீன் வந்தப்புறமா ஏத்துவாங்க? அதே கணக்குதான் இதுவும். மத்திய அரசோட இளம் கலைஞர் ஸ்காலர்ஷிப் இருக்கு, 18-25 வயசு, மாசம் 5,000 ரூபா, 2 வருஷம், ஆனா நாடு முழுக்க போட்டி. நெறைய பேர் இந்த லோக்கல் ஃபண்டிங்க பரிசுப் பணம்னு நினைக்கிறாங்க, அப்டி இல்ல, பரிசு ஜெயிச்சதுக்கு குடுக்குறது, இது கத்துக்குறதுக்கு குடுக்குறது.