பறவைக்கு எந்த சென்சார்? – கேள்வி பதில்

பறவைப் படம் எடுக்கக் கேமரா வாங்கப் போகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. சென்சார் என்பது கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு. ஃபுல் ஃபிரேம் பெரியது, கிராப் அதைவிடச் சிறியது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இன்னும் சிறியது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். விலை விவரம் கேட்டவர்கள் மன்னிக்கவும். அது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

அண்ணா, கிராப் சென்சார் கேமராவில் 500 மி.மீ. லென்ஸைப் போட்டால் 750 ஆகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். அப்படியானால் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாக விழும்தானே? – கல்லூரி மாணவர், திருநெல்வேலி

விழாது, தம்பி. ஜன்னலைச் சிறிதாக்கினால் தெருவில் நிற்கிற ஆள் வளர்ந்துவிடுவதில்லை.

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். சிறுமீன்கொத்தி ஏறத்தாழ 17 செ.மீ. நீளம். 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 500 மி.மீ. லென்ஸ் அதை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, சென்சார் மேல் 5.7 மி.மீ. நீளத்துக்கு விழச் செய்யும். பின்னால் எந்த கேமரா இருந்தாலும் அதே 5.7 மி.மீ.தான். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால் அதில் பறவை ஆறில் ஒரு பங்கை அடைக்கும். 23.5 மி.மீ. அகலமுள்ள கிராப் சென்சாரில் கால் பங்கு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 மி.மீ.தான், அதில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றியிருக்கும் வெற்றிடம் குறைவதைத்தான் கடையில் 750 என்று விற்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது, அந்த 5.7 மி.மீட்டருக்குள் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் சுமார் 960. கிராப் சென்சார் உள்ள நிக்கான் டி500-இல் சுமார் 1,340. கேனான் ஆர்7-இன் 32.5 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் 1,770 வரை வரும். இறகின் நுண்வரிகள் தெரிவதும் தெரியாததும் இங்கேதான் முடிவாகிறது. கிராப் சென்சாரில் பிக்சல்கள் பெரும்பாலும் நெருக்கமாக இருக்கின்றன. தூரத்துப் பறவைக்கு அது உதவுவதற்குக் காரணம் அவ்வளவே. ஃபுல் ஃபிரேமிலும் பிக்சலை நெருக்கி வைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். 45.7 மெகாபிக்சல் டி850-இன் படத்தை டி500 அளவுக்கு வெட்டினால் 19.4 மெகாபிக்சல் மிஞ்சும். டி500-இடம் இருப்பது 20.9. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோத்தகிரிப் பக்கம் சோலைக்காட்டில் எடுக்கிறேன். ஒளி மிகக் குறைவு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 6400-ஐத் தாண்டினால் படம் முழுக்கப் புள்ளிகள். ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் தீருமா? – நீலகிரியிலிருந்து ஒருவர்

பறவை எவ்வளவு கிட்டே வருகிறது என்பதைப் பொறுத்தது. ஃபுல் ஃபிரேமின் பரப்பு கிராப் சென்சாரைப் போல் இரண்டேகால் மடங்குக்கும் அதிகம். அந்தப் பரப்பு முழுவதையும் படத்துக்குப் பயன்படுத்தினால், ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல் ஆதாயம் (ஒளி இரட்டிப்பாவது ஒரு ஸ்டாப்). ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்தது 3200-க்கும் கீழே எடுத்ததுபோல் தெரியும். உங்கள் பக்கத்து நீலகிரிச் சிரிப்பான் சில இடங்களில் ஆளைப் பொருட்படுத்தாமல் காலடிக்கே வந்து மேயும். அதை மட்டும் எடுப்பதென்றால் யோசிக்காமல் மாறுங்கள்.

ஆனால் பறவை எட்டாத கிளையில் இருந்து, எடுத்த படத்தை நடுவில் பாதியாக வெட்டுகிறீர்கள் என்றால், வாங்கிய பெரிய சென்சாரின் பெரும்பகுதியைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். அதே லென்ஸ், அதே தூரம், அதே ஷட்டர் வேகம் என்றால் பறவையிலிருந்து வரும் ஒளியும் அதேதான். உங்கள் பழைய படங்களைத் திறந்து, எத்தனையை வெட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். விடை அங்கேயே கிடைக்கும். மற்றபடி பறவை அசையாமல் இருக்கும் நொடிகளில் ஷட்டரை 1/250-க்கு இறக்கிப் பழகுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். தோள்வலி. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வாங்கலாம் என்றால் மகன் "அது பொம்மை" என்கிறான். – மதுரை

பொம்மை இல்லை, ஐயா. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையான ஓஎம்-1 பாடியும் 300 மி.மீ. எஃப்/4 லென்ஸும் சேர்ந்து சுமார் 2 கிலோ. ஃபுல் ஃபிரேம் நிக்கான் இசட்8-உடன் 180–600 லென்ஸைச் சேர்த்தால் 3 கிலோ ஆகிவிடும். வேடந்தாங்கல் கரையில் அரை நாள் நடக்கிறவருக்கு அந்த ஒரு கிலோ மிகப் பெரிய விஷயம்.

இழப்பும் இருக்கிறது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 காட்டும் காட்சியை ஃபுல் ஃபிரேமில் 600 காட்டும். 300-ஐ எஃப் எண்ணான 4-ஆல் வகுத்தால் லென்ஸின் திறப்பு 75 மி.மீ.; 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95. பறவையின் ஒளியை அள்ளுவது இந்தத் திறப்புதான். ஆக, ஒரே காட்சிக்கு நீங்கள் இழப்பது மூன்றில் இரண்டு ஸ்டாப் அளவுதான். சென்சார் பரப்பை மட்டும் வைத்துப் பலர் சொல்லும் "இரண்டு ஸ்டாப் இழப்பு" இங்கே அப்படியே பொருந்தாது. பின்னணி சற்றுக் குறைவாகக் கரையும். பதிலுக்கு அந்த கேமராவில் புரோ கேப்சர் உண்டு: பொத்தானைப் பாதி அழுத்தியிருக்கும்போதே படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்து வைத்து, முழுதும் அழுத்தியதும் அதற்கு முந்தைய கணங்களையும் தந்துவிடும். மீன்கொத்தி கிளையை விட்டுப் பாய்கிற நொடிக்கு நம் விரலைவிட இது நம்பகமானது. மகனிடம் 3 கிலோ மூட்டையைக் கொடுத்து ஒரு காலைப்பொழுது நடக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கலைப்படம் வேண்டாம், பறவையை அடையாளம் காண வேண்டும், அவ்வளவுதான். நிக்கான் பி1000 போதுமா? – வால்பாறை

போதும். 3000 மி.மீ.க்கு இணையான ஜூம். தொலைவில் அத்திமரத்தில் இருக்கும் பெரிய இருவாச்சியைப் பதிவு செய்ய அது மிக வசதி. சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம்தான் என்பதால் மேகமூட்டத்தில் சோர்ந்துவிடும், பறக்கும் பறவையைப் பிடிக்கத் திணறும். சற்று நல்ல படமும் வேண்டுமென்றால் ஒரு அங்குல சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்10 IV. எட்டுவது 600-க்கு இணையான தூரம்தான்.

ஆர்7-இல் பறக்கும் உழவாரனின் இறக்கைகள் வளைந்து தெரிகின்றன. கிராப் சென்சார் என்பதாலா? – கோவை

அளவு காரணமில்லை. எலக்ட்ரானிக் ஷட்டரில் அந்த சென்சார் வரி வரியாக மெதுவாகப் படிக்கிறது. மேல்வரியைப் படித்துக் கீழ்வரிக்கு வருவதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். நொடிக்கு 15 படம் கிடைக்கும், தாராளம். வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார்களில், அதாவது இசட்8, சோனி ஏ1, ஓஎம்-1 போன்றவற்றில், இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

பள்ளிக்கரணையில் நண்பகலில் எடுத்த படங்கள் எல்லாம் மெழுகு உருகியதுபோல் இருக்கின்றன. பெரிய சென்சார் வாங்கட்டுமா? – சென்னை

வேண்டாம். அது சூடான காற்றின் அலை. எந்த சென்சாரும் தீர்க்காது. வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், அல்லது பறவைக்கும் உங்களுக்கும் இடையே தூரத்தைக் குறையுங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஃபுல் ஃபிரேம் பாடியும் 300 மி.மீ. ஜூமும் வரும், அல்லது கிராப் பாடியும் 200–500 லென்ஸும் வரும். எதை வாங்குவது? – தூத்துக்குடி

இரண்டாவதை. 300-இல் எடுத்த கொக்கு 500-இல் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேல் வளரும். உண்மையிலேயே வளரும், முதல் கேள்வியில் வந்த 750 போல இல்லை. பழைய டி500-உம் நிக்கான் 200–500-உம் கிடைத்தால் இன்றும் எடுக்கலாம். லென்ஸ் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல், அதையும் கணக்கில் வையுங்கள். உங்களுடையது கடலோர ஊர், விற்பவரும் உள்ளூர்க்காரராக இருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் டார்ச் அடித்து லென்ஸுக்குள் பூஞ்சை இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள்.