ராணுவ அகாடமியைச் சுற்றிப் பார்க்கலாமா? வடசென்னையிலிருந்து வந்த கேள்விகள்

கோடை நெருங்கினால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி காசி, பாதி குலு மணாலி. இந்த முறை என்னவோ ராணுவ அகாடமி பற்றியே வரிசையாகக் கேட்கிறார்கள். பெரம்பூரிலிருந்து 20 வருடமாக ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மே மாதம் குடும்பத்தோடு டேராடூன், முசூரி போகிறோம். இந்தியன் மிலிட்டரி அகாடமியைப் பார்க்க டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் அண்ணா?" (தண்டையார்பேட்டை)

டிக்கெட்டே கிடையாது. அது இன்றைக்கும் பயிற்சி நடக்கிற இடம், மைசூர் அரண்மனை மாதிரி கவுன்டரில் காசு கொடுத்து நுழைய முடியாது. முன்கூட்டியே முறைப்படி அனுமதி வாங்கியிருந்தால் சரி, இல்லையென்றால் கேட்டோடு திரும்ப வேண்டியதுதான். "தெரிந்தவர் ஒருத்தர் போனில் சொல்லிவிட்டார், போனால் விடுவார்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பினேன். வடக்கே ஓர் அகாடமி, எது என்பது வேண்டாம், 17 பேரை அழைத்துக்கொண்டு போய் கேட்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். காவலில் இருந்தவர் நம்ம தமிழ் ஆள்தான், திண்டிவனம் பக்கம். எங்கள் பேச்சைக் கேட்டு முகமெல்லாம் மலர்ந்து எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார், ஊர்க்கதை பேசினார், உள்ளே மட்டும் விடவில்லை. அவர் செய்தது சரி. தப்பு என் மேல்.

அதற்காக அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். டேராடூனில் சக்ராதா ரோட்டில் வண்டி போனாலே அகாடமியை ஒட்டித்தான் போகும். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை ஒன்று இருக்கிறது. 1932-இல் வெறும் 40 பேரோடு தொடங்கிய அகாடமி அது. அந்த முதல் பேட்ச்சில் படித்தவர்களில் சாம் மானெக்‌ஷா இந்திய ராணுவத்துக்குத் தளபதியானார், முகமது மூசா பாகிஸ்தானுக்கு, ஸ்மித் டன் பர்மாவுக்கு. ஒரே பேட்ச், மூன்று நாட்டுத் தளபதிகள்! பெரம்பூர் ரயில்வே குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒன்று: அகாடமி வருவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ரயில்வே ஸ்டாஃப் காலேஜ்.

அதே ரோட்டில் வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே டிக்கெட் உண்டு, மியூசியம் உண்டு, 1929-இல் திறந்த அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்துவிட்டு புல்வெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டால் அரை நாள் போவதே தெரியாது.

"அக்கா மகனுக்கு பரங்கிமலை அகாடமியில் பாசிங் அவுட் பரேட். எங்களுக்கும் பாஸ் வந்திருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து எப்படிப் போவது, என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?"

முதலில் வாழ்த்துகள். நூறு டூர் போனாலும் கிடைக்காத வாய்ப்பு இது.

வழி ரொம்ப சுலபம். திருவொற்றியூர் தேரடியில் மெட்ரோ ஏறினால் மாறவே வேண்டாம், விமான நிலையம் போகும் அதே ரயில் ஆலந்தூரைத் தாண்டியதும் ஓடிஏ – நங்கநல்லூர் ரோடு என்று ஒரு ஸ்டேஷனில் நிற்கும். ஓடிஏ என்றால் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி, பெயரிலேயே அகாடமி இருக்கிறது. இறங்கியதும் மற்றவர்கள் போகிற பக்கமெல்லாம் போகாமல், உங்கள் பாஸில் எந்த கேட் போட்டிருக்கிறதோ அதற்கு ஆட்டோ பிடியுங்கள். வளாகம் பெரிசு, தப்பான கேட்டில் போய் நின்றால் வெயிலில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். பரேட் காலையிலேயே தொடங்கிவிடும், கொடுத்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். பாஸில் பெயர் உள்ள எல்லாரும் அசல் ஆதாரோடு வர வேண்டும். "சின்னப் பையன்தானே" என்று பாஸ் இல்லாமல் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு போவது கல்யாண வீட்டில் நடக்கும், இங்கே நடக்காது. பெரிய பையும் டிபன் கேரியரும் வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் உள்ளே போனதும் அங்கே இருக்கிறவர்களிடம் சொல்லுங்கள், உட்கார வைப்பார்கள்.

அப்புறம் பரேட் நடக்கும் அந்த மைதானம். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர் கொண்ட டிரில் ஸ்கொயர் அது. அவரும் இதே அகாடமியில் பயிற்சி முடித்து 1972-இல் அதிகாரியாக வெளியே வந்தவர்தான். 1987 நவம்பர் 25-இல் இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே வீழ்த்திவிட்டு உயிர் விட்டார். பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். பரேட் தொடங்கும் முன் அக்காவுக்கு இதைச் சொல்லி வையுங்கள், பார்க்கிற பார்வையே மாறும்.

அணிவகுப்பின் கடைசியில் கேடட்கள் மெதுநடையில் தரையில் போட்ட ஒரு கோட்டைத் தாண்டுவார்கள், 'அந்திம் பக்' என்பார்கள், கடைசி அடி என்று அர்த்தம். அதோடு கேடட் வாழ்க்கை முடிந்தது. பிறகு தோளில் ஸ்டார் குத்தும் சடங்கு, அதைப் பெற்றவர்கள் கையால் செய்யச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அக்காவுக்குக் கை நடுங்கும், கண்ணும் கலங்கும், கைக்குட்டையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

"மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறான். மூன்று மாதம் போய் இருக்கப்போகிறோம். அமெரிக்க ராணுவ அகாடமி இருக்கிற வெஸ்ட் பாயிண்ட் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. நம்மை விடுவார்களா?" (பெரம்பூர்)

விடுவார்கள் அம்மா, ஆனால் நாமே நடந்து சுற்ற முடியாது. வாசலில் விசிட்டர் சென்டர் இருக்கிறது, வழிகாட்டியோடு டூர் பஸ்ஸில்தான் உள்ளே போக வேண்டும். வெளிநாட்டுக்காரர்களுக்கு அடையாளம் என்றால் பாஸ்போர்ட்தான், அதுவும் அசல். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டாம், பத்திரமாக இருக்கட்டும் என்று மகன் வீட்டு பீரோவிலும் விட்டுவிட வேண்டாம். மே மாதக் கடைசியில் பட்டமளிப்பு நேரம், அப்போது டூர் ரத்தாகும், தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரயிலில் போனால் ஆற்றுக்கு எதிர்க்கரையில்தான் இறங்க வேண்டியிருக்கும், அதனால் மகனையே கார் எடுக்கச் சொல்லுங்கள்.

1802-இல் தொடங்கிய அகாடமி. கிராண்ட், லீ என்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரண்டு பக்கத் தளபதிகளும் இங்கே படித்தவர்கள். வழிகாட்டி இதையெல்லாம் சொல்லிவிடுவார். நான் பார்க்கச் சொல்வது அகாடமிக்குள் டிராஃபி பாயிண்ட் என்ற இடத்தில் கிடக்கும் இரும்புச் சங்கிலியை. அகாடமி வருவதற்கும் முன்னால், 1778-இல், பிரிட்டிஷ் கப்பல்கள் ஹட்சன் ஆற்றில் மேலே ஏறி வரக் கூடாது என்று ஆற்றின் குறுக்கே ஒரு சங்கிலியைப் போட்டார்கள். ஒவ்வொரு கண்ணியும் 45 கிலோவுக்கு மேல். அவ்வளவு கனத்தைத் தண்ணீரில் எப்படி நிறுத்துவது? மரக்கட்டைகளைக் கட்டி அதன் மேல் மிதக்கவிட்டார்கள். குளிர்காலத்தில் ஆறு உறையும், பனிக்கட்டி இடித்து அறுத்துவிடும் என்பதால் அதற்கு முன்பே கரைக்கு இழுத்துவிட்டு, பனி உருகியதும் மறுபடி போடுவார்கள். காசிமேட்டில் விசைப்படகு நங்கூரச் சங்கிலியை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் புரியும். எந்தக் கப்பலும் அதை மோதிப் பார்க்கத் துணியவில்லை. இப்போது 13 கண்ணிகளைத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள்.

மியூசியத்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்காரர் துப்பாக்கி, பீரங்கி பார்க்க உள்ளே போனால் சீக்கிரம் வெளியே வரமாட்டார், சொல்லிவிட்டேன்.

"மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், என்டிஏ, அதாவது நேஷனல் டிஃபென்ஸ் அகாடமியில் சேரணும் என்கிறாள். ஒருமுறை புனே கூட்டிப் போய் அது இருக்கிற கடக்வாஸ்லாவைக் காட்டினால் உற்சாகமாக இருக்குமா?" (வியாசர்பாடி)

அந்தக் காசை வேறு வழியில் செலவு செய்யுங்கள் என்பதே என் யோசனை. 1000 கிலோமீட்டருக்கு மேல் போய் கேட்டைப் பார்த்துவிட்டு வருவதில் என்ன இருக்கிறது? உள்ளே இருக்கிற சூடான் பிளாக் என்ற கட்டடம் அழகுதான். இரண்டாம் உலகப் போரில் ஆப்பிரிக்காவில் உயிர் கொடுத்த இந்திய வீரர்களுக்கு நன்றியாக சூடான் அரசு கொடுத்த பணம் அதில் இருக்கிறது. அதை அவள் கேடட்டாகப் போய்ப் பார்க்கட்டும். பெண்களை 2022-லிருந்து சேர்க்கிறார்கள், முதல் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டார்கள்.

எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், அதில் கணக்கு 300. பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுத்திருந்தாலும் தரைப்படைக்கு முயலலாம், ஆனால் அந்த 300-க்குத் தனியாக உழைக்க வேண்டும். கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். அடுத்து எஸ்எஸ்பி, அதாவது ராணுவத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், அதற்கும் 900. பள்ளியில் என்சிசி இருந்தால் உடனே சேரச் சொல்லுங்கள்.

"டிரோன் வாங்கியிருக்கிறேன். அகாடமியை மேலிருந்து எடுக்கலாமா?" (எண்ணூர்)

கூடாது தம்பி. விளையாட்டுக்குக்கூட வேண்டாம். போன் கேமராவும் எங்கே அனுமதி என்று போர்டு இருக்கிறதோ அங்கே மட்டும்.

"பள்ளிப் பிள்ளைகள் 40 பேர். கையில் காசு இல்லை. அனுமதிக்கு அலையாமல் ராணுவ வரலாறு காட்ட பக்கத்தில் ஏதாவது உண்டா சார்?" (ராயபுரத்திலிருந்து ஓர் ஆசிரியை)

புனித ஜார்ஜ் கோட்டை இருக்கும்போது என்ன கவலை டீச்சர்? பாரிமுனை வரை பஸ், அங்கிருந்து நடை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் பையைச் சோதிப்பார்கள், பள்ளி அடையாள அட்டையும் தலைமையாசிரியர் கடிதமும் இருந்தால் பேச்சு குறையும். 1640-இல் எழுந்த கோட்டை. மியூசியத்தில் வாளும் பீரங்கிக் குண்டும் இருக்கின்றன, ஆனால் பிள்ளைகளை நேராக 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியிடம் கூட்டிப் போங்கள். பக்கத்தில் 1680-இல் திறந்த செயின்ட் மேரீஸ் சர்ச், ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்ட இடம்.

எனக்கு கிளைவ் கல்யாணத்தைவிடப் பெரிய செய்தி வேறு. 1794-இல் இந்தக் கோட்டையில்தான் நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்க ஒரு சர்வே பள்ளி தொடங்கினார்கள். ராணுவ அகாடமி என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் அது வளர்ந்து வளர்ந்துதான் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. உங்கள் பிள்ளைகளில் யாராவது ஒருவர் அங்கே சேர ஆசைப்படுவார், அவரிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்று மியூசியம் விடுமுறை.